கார்னர் கண்ட மரங்கள்

சங்க இலக்கிய உரைகளைப் பயில்வோர்க்கு நன்கு பழகிய தொடர் ஒன்று உண்டு. செய்யுளில் அரியதொரு மரத்தின் பெயர் வரும். ஆவலோடு உரைக்குறிப்பை நோக்கினால் 'ஒருவகை மரம்' என்றிருக்கும். அவ்வளவே. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை நிரல்படக் கூறியதை நாம் மேடைதோறும் பெருமையுடன் எடுத்துரைக்கிறோம். அவற்றுள் எத்தனையை நேரிற் கண்டு இன்னதெனச் சுட்டவல்லோம் என்பது வேறு வினா. மரத்தைப் பெயரால் அறிதல் ஒன்று, உருவால் அறிதல் பிறிதொன்று. இவ்விரண்டாம் வகை அறிவிற்கே தம் வாழ்நாளை ஒப்புக்கொடுத்த ஓர் ஆங்கிலேயரின் வரலாறு இக்கட்டுரையின் பொருளாகும். அவர் இ. ஜே. எச். கார்னர். களம் பெரும்பாலும் சிங்கப்பூரும் மலாயாவும்.

எட்ரெட் ஜான் ஹென்றி கார்னர் 1906ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டனிற் பிறந்தார். தந்தையார் அறுவை மருத்துவர். மகனுக்கு இளமையிலேயே திக்குவாய் இருந்தது. பேச்சு தடைப்பட்ட பிள்ளைகள் சிலர் கண்ணாலும் கையாலும் பேசக் கற்றுக்கொள்வர். கார்னரின் கோட்டோவியங்களைக் காணுந்தோறும் எனக்கு இவ்வெண்ணம் எழுவதுண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயின்று காளான்களில் ஆராய்ச்சி மேற்கொண்டார். அக்காலத்தில் அவரை ஆட்கொண்டவர் ஆக்சுபோர்டு பேராசான் ஏ. எச். சர்ச். பூக்களை நெடுக்குவெட்டாகப் பிளந்து வரைந்த சர்ச்சின் வண்ணப்படங்கள் அறிவியலும் கலையும் ஒன்றெனத் தோன்றச் செய்பவை. வரைவது என்பது பார்த்து முடித்தபின் செய்யும் அலங்காரப் பணி அன்று, பார்ப்பதற்கான வழியே அதுதான் என்னும் பாடத்தைக் கார்னர் அவரிடமிருந்தே பெற்றிருக்க வேண்டும்.

பூங்காவும் காடும்

1929ஆம் ஆண்டு கார்னர் சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவின் துணை இயக்குநராகப் பணியேற்றார். அப்போது வயது 23. இயக்குநர் ஆர். இ. ஹோல்டம், பெரணிகளிலும் ஆர்க்கிட் மலர்களிலும் பேரறிஞர். பூங்கா 1859இல் தோன்றியது. 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 இரப்பர்க் கன்றுகள் இங்கு வந்து சேர்ந்தன. பின்னர் இயக்குநராயிருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை இங்கேதான் வகுத்தார். அக்கன்றுகளின் வழித்தோன்றல்கள் மலாயா முழுவதும் பரவின. அவற்றிற்கு இடம் கொடுக்கப் பெருங்காடுகள் வீழ்ந்தன. அவற்றிற் பால் வெட்டத் தமிழர் ஆயிரக்கணக்கிற் கப்பலேறினர். நம் மக்களின் புலம்பெயர் வரலாற்றில் ஒரு பெரும் அத்தியாயம் இப்பூங்காவின் பாத்திகளிலிருந்து தொடங்குகிறது என்றால் மிகையாகாது. கார்னர் வந்தபோது அக்காடழிப்பு இன்னும் நடந்துகொண்டிருந்தது. மரம் வெட்டுவோர்க்கு முன்னே ஓடி, வீழும் காட்டைப் பதிவு செய்யும் பணியாகவே அவருடைய தொடக்ககால ஆய்வு அமைந்துவிட்டது.

அவர் மிகுதியும் திரிந்தது ஜொகூரின் தென்பகுதியில் உள்ள நன்னீர்ச் சதுப்புக் காடுகளில். செடிலி ஆற்றங்கரைகளிலும் மாவாய்ப் பகுதியிலும் சாலைக்காகவும் தோட்டத்திற்காகவும் மரங்கள் சாய்க்கப்பட்ட இடங்களைத் தேடிச் சென்றார். சாய்ந்த மரமே தாவரவியலார்க்கு எட்டும் மரம். நிற்கும் மரமோ நூறடிக்கு மேலே பூக்கும்; கீழே நிற்பவர்க்கு உதிர்ந்த இதழ்களே மிஞ்சும். இலை வேண்டும், பூ வேண்டும், காய் வேண்டும். மூன்றும் ஒரே கிளையில் வேண்டும். இன்றேல் மரத்தின் இனத்தை உறுதி செய்ய இயலாது. மழைக்காட்டு ஆய்வின் முதல் இடர்ப்பாடு இவ்வுயரமே.

இதற்கு அவர் கண்ட வழி தனித்துக் கூறத்தக்கது. கிளந்தானில் தென்னையில் ஏறித் தேங்காய் பறிக்கப் பன்றிவால் குரங்குகளைப் பழக்குவது மலாய் மக்களின் வழக்கம். 'பெரோக்' என்பது அக்குரங்கின் மலாய்ப் பெயர். கார்னர் 1937 முதல் அத்தகைய குரங்குகளை வாங்கி, அவற்றைப் பழக்கிய கிளந்தான் மலாய்ச் சொற்களையே தாமும் கற்றுக்கொண்டு, காட்டு மரங்களின் பூங்கொத்துகளையும் காய்களையும் ஒடித்தெறியப் பழக்கினார். இடுப்பிலே நீண்ட கயிறு, கீழிருந்து ஏவல், மேலிருந்து கிளை. ஏறுவோர் அஞ்சும் மரங்களின் உச்சியிலிருந்தும், மரங்களின் மேலே ஒட்டி வாழும் செடிகளிலிருந்தும் மாதிரிகள் கிடைத்தன. அரசாங்கப் பூங்கா குரங்குகளைப் பணியிலமர்த்தியது சிலர்க்கு வேடிக்கையாயிருந்தது. உலர்தாவரக் களஞ்சியத்திற்கு வந்து குவிந்த தாள்கள் வேடிக்கையல்ல. இவ்வனுபவத்தைத் தம் முதுமையில் 1992ஆம் ஆண்டு தனி நூலாகவே எழுதினார்.

சாலையோர மரங்கள்

1940ஆம் ஆண்டு இரண்டு தொகுதிகளாக வெளிவந்த 'மலாயாவின் சாலையோர மரங்கள்' என்னும் நூலே கார்னரைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. 1952இலும் 1988இலும் மறுபதிப்புகள் கண்டது. அறிஞர் அறிஞர்க்காக எழுதும் தாவர நூல்கள் பூவின் உள்ளுறுப்புகளைக் கொண்டே மரத்தை அடையாளங்காட்டும். பூவில்லாத காலத்தில் அவற்றால் பயனில்லை. கார்னரோ சாலையில் நடந்து செல்பவர் கண்ணுக்கு எது முதலிற் படுமோ அதிலிருந்து தொடங்குகிறார். தொலைவில் தோன்றும் முடியின் வடிவம், பட்டையின் நிறமும் வெடிப்பும், வெட்டினால் வடியும் பால், தரையிற் கிடக்கும் பூ, தளிரின் சிவப்பு ஆகியனவே அவர் காட்டும் அடையாளங்கள். பக்கத்திலேயே கோட்டோவியம். பாதாம் மரம் கிளைகளை அடுக்கடுக்காகத் தட்டுப்போல் விரிப்பதைக் கண்டு, அவ்வாறு வளர்வனவற்றை அடுக்குக் கோபுர மரங்கள் எனத் தனியே பிரித்தெண்ணினார். தூங்குமூஞ்சி மரம் குடைபோல் விரிவதும், செம்மயிற்கொன்றை பந்தலாகப் படர்வதும், மலாயர் அங்சனா என்னும் மரம் ஊரெங்கும் ஒரே நாளில் மஞ்சளாகப் பூத்து மறுநாள் தரையை மஞ்சளாக்குவதும் அந்நூலில் உயிருடன் நிற்கின்றன.

இந்த அங்சனா நம் வேங்கையின் உடன்பிறப்பு. ஒரே பேரினத்தைச் சேர்ந்தது. பாறைமீது உதிர்ந்த வேங்கைப் பூக்களைப் புலியெனக் கண்டு யானை மருளுவதாகச் சங்கப் புலவர் பாடினர். அப்புலவர்களும் மரத்தைப் பார்த்தவர்களே. இடையில் எங்கோ நாம் பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.

அப்பூங்காவில் ஓவியர்க்கு நீண்ட மரபு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைப் பேராதனைப் பூங்காவோடு தொடர்புடைய டி அல்விஸ் குடும்பத்து ஓவியர் சிங்கப்பூரிற் பணியாற்றினர். கார்னர் காலத்தில் ஜுரைமி பின் சம்சூரி என்னும் மலாய் ஓவியர் இருந்தார். ஐரோப்பியத் தாவரவியலாரின் பெயர் நூலட்டையில் ஒளிர, ஆசிய ஓவியரின் கை உள்ளே மறைந்து கிடப்பது குடியேற்றக்கால அறிவியலின் பொது இயல்பு. தாமே வரையவல்ல கார்னரின் நூல்களைப் படிக்கும்போதும் இதை மறந்துவிடலாகாது.

சியோனான் ஆண்டுகள்

1942 பிப்ரவரி 15. சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. நகரின் பெயர் சியோனான் ஆயிற்று. கார்னரின் மனைவியும் கைக்குழந்தையும் முன்பே நகரைவிட்டு வெளியேறியிருந்தனர். குரங்கு கடித்துக் கையிற் காயம்பட்டிருந்தமையால் அவர் தொண்டர் படையிற் சேர இயலவில்லை. ஐரோப்பியக் குடிமக்கள் அனைவரும் சாங்கிச் சிறைக்குச் செல்லவேண்டிய நேரத்தில், அருங்காட்சியகமும் நூலகமும் உலர்தாவரக் களஞ்சியமும் கொள்ளைபோகும் என அஞ்சிய கார்னர் ஆளுநர் ஷெண்டன் தாமசைக் கண்டார். அறிவியற் சேகரங்களைக் காக்கவேண்டுமெனச் சப்பானிய ஆட்சியாளரைக் கேட்டுக்கொள்ளும் சிறு குறிப்பொன்றை ஆளுநர் எழுதிக் கொடுத்தார். கார்னர் அதனை எடுத்துச் சென்று வெற்றி பெற்றவர்களிடம் நீட்டினார். தோற்ற நாட்டின் குடிமகன் வென்ற படையிடம் உலர்ந்த இலைகளுக்காக முறையிட்டான் என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

கேட்டவர் செவியிலும் அது ஏறியது. தோகோக்கு பல்கலைக்கழகத்தின் எரிமலையியற் பேராசிரியர் தனகதாத்தே ஹிதேசோ நகருக்கு வந்து அந்நிறுவனங்களைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். கைவிடப்பட்ட ஐரோப்பியர் இல்லங்களிலிருந்து நூல்களைத் திரட்டி நூலகத்திற் சேர்க்கும் பணியும் நடந்தது. பின்னர் தொக்குகாவா பெருங்குடும்பத்தைச் சேர்ந்த மார்க்குவிஸ் தொக்குகாவா யோஷிச்சிக்கா அவற்றின் தலைவரானார். அவர் 1921ஆம் ஆண்டிலேயே மலாயாவுக்கு வந்து புலிவேட்டையாடி ஜொகூர் சுல்தானின் நட்பைப் பெற்றவர். 1942 இறுதியில் கியோத்தோ பல்கலைக்கழகத் தாவரவியற் பேராசிரியர் கோரிபா கான் பூங்காவின் இயக்குநராக வந்தார். ஹோல்டமும் கார்னரும் சிறைக்குச் செல்லாமல் அவர்கீழ்ப் பணியைத் தொடர்ந்தனர். கோரிபா மரங்கள் தளிர்த்தும் உதிர்த்தும் வளரும் காலமுறையைப் பூங்காவிலேயே உற்றுநோக்கினார். பருவமாற்றம் இல்லாத நிலநடுக்கோட்டு மண்ணில் ஒவ்வொரு மரமும் தனக்கெனத் தனி நாட்காட்டி வைத்திருக்கிறது. ஒரே மரத்தின் கிளைகள்கூடத் தனித்தனியே தளிர்க்கும். அவ்வாய்வு 1958இல் அதே பூங்காவின் ஆய்விதழில் அச்சேறியது.

இங்கேதான் வரலாற்று மாணவர்க்குச் சிக்கல் எழுகிறது. களஞ்சியம் காக்கப்பட்ட அதே நகரில், அதே வாரங்களில், சீன இளைஞர்கள் வகைபிரிக்கப்பட்டுக் கடற்கரைகளிற் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட ஆசியத் தொழிலாளருள் மலாயாத் தோட்டத் தமிழர் பெருந்தொகையினர். பலர் மீளவில்லை. சாங்கியில் அடைபட்டுப் பசியில் வாடிய ஆங்கிலேயர், பூங்காவில் நடமாடிய கார்னரை நினைத்து மனங்கசந்ததும் இயல்பே. போருக்குப்பின் அவர்மீது பகைவர்க்குத் துணைபோனவர் என்னும் பழி விழுந்தது. அவர் அதற்கஞ்சி வாய்மூடவில்லை. 1946ஆம் ஆண்டிலேயே, போரின் சூடு ஆறுமுன், 'நேச்சர்' இதழில் அச்சப்பானிய அறிஞர்களின் செயலைப் பாராட்டி எழுதினார். 1981இல் 'மார்க்குவிஸ்' என்னும் நூலில் அக்காலத்தை விரிவாகப் பதிவு செய்தார்.

அந்நூலைப் படிக்கையில் எனக்கு இரு வேறு உணர்வுகள் எழுகின்றன. தம்முடன் பணியாற்றிய அறிஞர்களின் பண்பை அவர் உண்மையாகவே எழுதியிருக்கிறார் என்பதில் ஐயமில்லை. அவர்கள் இல்லையேல் தென்கிழக்காசியாவின் தலைசிறந்த தாவரக் களஞ்சியம் எரிந்தோ செல்லரித்தோ போயிருக்கும். ஆயினும் பூங்காவின் வேலிக்கு வெளியே நடந்தவற்றிற்கு அந்நூலிற் கிடைக்கும் இடம் சிறிது. மரத்தை இவ்வளவு கூர்ந்து நோக்கிய கண்கள் அண்டை அயலிலிருந்த மனிதரை அவ்வாறு நோக்கினவா என்று கேட்கத் தோன்றுகிறது. அவர் செய்தது தவறென நான் கூறமாட்டேன். சிறைக்குச் சென்றிருந்தால் அவரால் ஒரு சீனரையோ ஒரு தமிழரையோ காத்திருக்க முடியாது, களஞ்சியமும் காக்கப்பட்டிராது. ஆனால் நன்றியுணர்ச்சி ஒருவரின் நினைவை ஒருபுறம் சாய்த்துவிடும் என்பதற்கு அந்நூல் சான்றாகிறது.

முள்நாறியும் மரத்தின் தோற்றமும்

போருக்குப்பின் ஐ.நா. கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பின் சார்பில் 1947–48இல் அமேசானியக் காட்டாய்வுத் திட்டத்தில் பணியாற்றினார். அத்திட்டம் நிறைவேறவில்லை. 1949இல் கேம்பிரிட்ஜில் விரிவுரையாளரானார். அதே ஆண்டில்தான் தாவரவியல் உலகைக் கலக்கிய அவருடைய 'டுரியான் கொள்கை' வெளிவந்தது.

டுரியானைத் தமிழில் முள்நாறி என்பர். காரணப்பெயர், முள்ளும் உண்டு, நாற்றமும் உண்டு. நாம் உண்பது கனியின் தோலோ கதுப்போ அன்று. விதையைப் போர்த்தியிருக்கும் சதைப்பற்று. சாதிக்காயைச் சுற்றிய சாதிபத்திரியும், கொடுக்காய்ப்புளியில் நாம் தின்னும் வெண்சதையும் இத்தகையனவே. மழைக்காட்டிலே ஒன்றோடொன்று உறவில்லாத பல குடும்பங்களில் இத்தகைய விதைகளைக் கார்னர் கண்டார். முள்ளுடைய காய் வெடிக்கும். சிவந்த அல்லது மஞ்சள் நிறச் சதை பூண்ட கரிய விதைகள் வெளிப்பட்டு நிற்கும். பறவையும் குரங்கும் வரும். பூக்கும் தாவரங்களின் மூதாதையே இவ்வாறுதான் இருந்திருக்கும் என அவர் கருதினார். பருத்த, கிளையற்ற குட்டைத் தண்டு, உச்சியிற் பெருங்கூட்டிலைகள், தண்டையொட்டியே பெரிய முட்காய்கள் என அம்மூதாதை மரத்தை உருவகித்தார். அதிலிருந்தே மெல்லிய கிளைகளும் சிற்றிலைகளும் உடைய இன்றைய உயர்ந்த மரங்கள் கிளைத்தன என்றும், உயர்ந்த காடு உருவானபின்பே அதிற் பறப்பனவும் தாவுவனவும் பெருகின என்றும் வாதிட்டார்.

மரபுவழி ஆய்வுகளும் புதைபடிவங்களும் பெருகிய இந்நாளில் பூக்கும் தாவரங்களின் தோற்றத்திற்கான விளக்கமாக இக்கொள்கையை அறிஞர் ஏற்பதில்லை. ஆனால் அதனூடே அவர் கூறிச்சென்ற இரு கூற்றுகள் நிலைத்துவிட்டன. தண்டு பருமனாயின் அதன் இலையும் பூவும் காயும் பெரியனவாயிருக்கும் என்பது ஒன்று. கிளைகள் மிகமிக அவை மெலிந்து, தாங்கும் உறுப்புகளும் சிறுக்கும் என்பது மற்றொன்று. 'கார்னர் விதிகள்' என்ற பெயரில் சூழலியலார் இன்றும் இவற்றை அளந்து சோதித்து வருகின்றனர். பப்பாளியையும் புளியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விதி விளங்கிவிடும்.

1966இல் வெளிவந்த 'பனைகளின் இயற்கை வரலாறு' தமிழ் படித்தவர்க்குத் தனிச்சுவை தரும் நூல். பனைக்குலத்தின் தண்டு மற்ற மரங்களைப்போல் ஆண்டுதோறும் பருப்பதில்லை. முதலிலேயே முழுப் பருமனை அமைத்துக்கொண்டு பின்னரே உயரும். அதன் வலிமை வெளிப்புறத்தில் செறிந்த நார்க்கற்றைகளில் இருக்கிறது, உள்ளே சோறு. மற்ற மரங்களில் வயிரம் உள்ளே. தொல்காப்பியர் மரபியலில் புறத்தே வயிரமுடையன புல் என்றும், அகத்தே வயிரமுடையன மரம் என்றும் வகுத்து, ஓலை, மடல், பாளை, ஈர்க்கு முதலியன புல்லுக்கும், இலை, தளிர், சினை முதலியன மரத்திற்கும் உரிய சொற்கள் எனப் பிரித்தது நாம் அறிந்ததே. தென்னையும் பனையும் அவ்விலக்கணப்படி புல்லினம். ஒருவிதையிலைத் தாவரமாகிய பனை புல்லுக்கு நெருங்கிய உறவு என்பதே இன்றைய தாவரவியலும் கூறுவது. இதைக்கொண்டு எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தன என்று முழங்குவோரை நான் பின்பற்ற விரும்பவில்லை. தொல்காப்பியர் விதையிலையை எண்ணவில்லை; தண்டின் வெட்டுவாயைப் பார்த்தார். பார்த்தது சரியாயிருந்தது.

காளான்களைப் பற்றி அவர் எழுதியவை தனிக் கடல். 1932இல் காளான் இழைகளின் வகையைக் கொண்டு அவற்றைப் பாகுபடுத்தும் முறையை வகுத்தார் என்பதையும், 1950இல் பவளக் காளான்களைப் பற்றிய பெருநூல் தந்தார் என்பதையும் குறிப்பிட்டு அமைகிறேன். போர்னியோவின் கினபாலு மலைக்கு 1961இலும் 1964இலும் இராயல் கழகத்தின் ஆய்வுக்குழுக்களை நடத்திச் சென்றார். 1964இல் அம்மலை தேசியப் பூங்காவாயிற்று. அவரிடம் பயின்ற பீட்டர் ஆஷ்டன் பிற்காலத்தில் இலங்கைச் சிங்கராசக் காட்டு ஆய்விலும் பங்குகொண்டார். செடிலிச் சதுப்புக்காட்டைப் பற்றிய கார்னரின் நூல் 1978இல்தான் வெளிவந்தது. அதற்குள் அக்காட்டின் பெரும்பகுதி மறைந்துவிட்டிருந்தது.

ஆல், அரசு, அத்தி, இத்தி நான்கும் அடங்கிய பேரினத்தை அவர் நாற்பதாண்டுகளுக்கு மேல் ஆராய்ந்தார். பூவாமற் காய்ப்பனவென நம் நிகண்டுகள் 'கோளி' என்றழைத்த மரங்கள் இவை. உண்மையிற் பூக்கள் காயென நாம் நினைக்கும் கூட்டின் உள்ளேயே மலர்கின்றன; நுண்ணிய குளவிகள் உள்நுழைந்து மகரந்தம் சேர்க்கின்றன. ஆசிய, ஆஸ்திரேலிய நாடுகளின் அத்தியினங்களுக்கான பட்டியலை 1965இல் அவர் வெளியிட்டார். மலேசியத் தீவுக்கூட்டத்தின் தாவரத் தொகுதிக்காக அவர் எழுதிவைத்திருந்த பெரும்பணி பெர்க் என்னும் அறிஞரின் கூட்டுழைப்பில் 2005இல் அச்சேறியது. கார்னர் 1996 செப்டம்பரிலேயே தம் 90ஆம் அகவையில் மறைந்துவிட்டார்.

மரங்களுக்குக் கிடைத்த நேரம் மகனுக்குக் கிடைக்கவில்லை. இளைஞனாக வீட்டைவிட்டுச் சென்ற மகன் ஜான் தந்தையை மீண்டும் பார்க்கவேயில்லை. மகனுக்கென ஒரு பெட்டி நிறையத் தாள்களையும் படங்களையும் கார்னர் விட்டுச்சென்றார். பல்லாண்டுகளுக்குப்பின் அதைத் திறந்த மகன் 2013இல் தந்தையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். புகழுரையாக அமையாத அந்நூலே கார்னரை மனிதராகக் காட்டுகிறது.

1955இல் இராயல் கழக உறுப்பினராகவும், 1966 முதல் 1973 வரை வெப்பமண்டலத் தாவரவியற் பேராசிரியராகவும் விளங்கியவர் அவர். சப்பான் மன்னர் ஹிரோஹித்தோவின் அறுபதாண்டு ஆட்சியின் நினைவாக நிறுவப்பட்ட பன்னாட்டு உயிரியல் பரிசின் முதற் பரிசு 1985இல் கார்னருக்கே வழங்கப்பட்டது. பழி கூறியோர்க்கு அது மேலும் ஒரு சான்றாகப்பட்டிருக்கும். கடலுயிர் ஆய்வாளராகவும் விளங்கிய அம்மன்னர் மறைந்தபின் இராயல் கழகத்திற்காக அவர் வாழ்க்கைக்குறிப்பை எழுதியவரும் கார்னரே.

பிரெஞ்சு அறிஞர் பிரான்சிஸ் ஹாலேயும் டச்சு அறிஞர் ஓல்டெமானும் 1970இல் வெப்பமண்டல மரங்களின் வளர்ச்சியமைப்பைப் படங்களோடு ஆராய்ந்து சில மாதிரிகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாவரவியலாரின் பெயரைச் சூட்டினர். தாம்லின்சனுடன் சேர்ந்து 1978இல் அவர்கள் வெளியிட்ட ஆங்கில நூலில் 23 மாதிரிகள் உள்ளன. கிளையின்றி ஓங்கி, வாழ்நாளில் ஒரே முறை உச்சியிற் பூத்து மடியும் தாளிப்பனை ஹோல்டம் மாதிரி. கிளையற்ற தண்டின் பக்கத்திற் பூத்தபடியே உச்சியில் வளர்ந்துகொண்டிருக்கும் தென்னையும் பப்பாளியும் கார்னர் மாதிரி. ஒத்த கிளைகளாகப் பிரிந்து, பின்னர் அவற்றுள் ஒன்றே நிமிர்ந்து அடிமரமாகும் வகை கோரிபா மாதிரி. 1943இல் ஒரே பூங்காவில், ஒருவர் ஆள்வோராகவும் இருவர் ஆளப்படுவோராகவும் இருந்து ஒன்றாக வேலை செய்த மூவர் அவர்கள்.